அன்ரன் விதியில் என்னுடைய பாதி

கூரையில் காற்று இயந்திரத்தை நிறுத்தினால், நீங்கள் வந்த வான் வண்டியின் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, அந்தச் சுவிச்சிலேயே தொங்கவிட வேண்டும். தொங்கவிட்டவர் எவரோ அவரே அதை எடுக்க வேண்டும், வேறு எவரும் தொடக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்கு இதைச் சொல்லித் தந்திருப்பார்கள். நீங்கள் இதை அன்ரன் விதி என்கிறீர்கள். நான் ஓய்வுபெற்ற அன்று, என்னுடைய பிரியாவிடைக் கேக்கைத் தின்றுகொண்டே உங்களில் ஒருவர் எழுந்து நின்று அன்ரன் விதியைப் பற்றிப் பேசினார். பேச்சு நீண்டது. கடைசியில் என்னைப் பற்றியும் ஒரு வசனம் சொன்னார். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். வயிறு மட்டும் எரிந்தது.

அதனால் இதை எழுதுகிறேன். உங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு டெனிஷில் சொல்லிவிடுங்கள். அன்ரன் உங்களுக்கு மேலதிகாரி, ஆகவே நீங்கள் அவர் என்று சொல்வது சரி. எனக்கு அவன் என்னைவிட இளையவன். நான் அவன் என்றே எழுதப் போகிறேன். இந்த ஒன்றிலாவது நான் அவனுக்கு மேலே இருந்துவிட்டுப் போகிறேன்.

விதியின் முதல் பாதி எங்கள் மெஸ்டருடையது. இங்கே தொழிலாளர்கள் கொம்பனி முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் அவரைக் கண்டதில்லை. இயந்திரத்தைத் திறந்து பார்க்க அதை நிறுத்தியே ஆகவேண்டும். பார்த்து முடித்துக் கதவை மூடி, ஏணியால் இறங்கி, திரும்பப் போட மறந்துவிட்டுப் போகிறவர்கள் எல்லாக் கொம்பனியிலும் இருக்கிறார்கள். திறப்பு மேலே தொங்கினால் வானை எடுக்க முடியாது, திரும்பவும் ஏணியில் ஏறித்தான் ஆகவேண்டும். மனிதனின் ஞாபகத்தை நம்பாதே, அவனுடைய சோம்பலை நம்பு என்பார் மெஸ்டர். அவர் எனக்குச் சொல்லித் தந்தவற்றில் இன்றைக்கும் பிசகாத பாடம் இது.

இரண்டாம் பாதி எப்படி வந்தது என்பதுதான் கதை.

ஊரில் போர் முடிந்த வருடம் அது. இந்தச் சோதனைச் சட்டமும் அப்போது புதிது. பெரிய கட்டடங்களின் காற்றோட்ட, குளிரூட்டல் இயந்திரங்களைச் சில வருடங்களுக்கு ஒரு தடவை கட்டாயம் சோதிக்க வேண்டும், மின்சாரம் எங்கே வீணாகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டாயம் என்பது சோதனைக்கு மட்டும். நாங்கள் எழுதிக் கொடுத்ததைச் செய்வதும் விடுவதும் கட்டடக்காரரின் விருப்பம். உங்களுக்கு இது இப்போது பழகியிருக்கும். எனக்கு ஓய்வுபெறும் நாள்வரை பழகவில்லை. ஒரு மனிதனின் வீட்டுக்குள் சட்டத்தைக் காட்டி நுழைந்துவிட்டு, பிறகு நான் சொல்வதைக் கேளுங்கோ என்று கெஞ்சிக்கொண்டு நிற்பது எனக்கு ஒத்துவரவில்லை.

அன்ரனுக்கு ஒத்துவந்தது. அதுதான் என்னுடைய முதல் எரிச்சல்.

நான் ஒரு கட்டடத்துக்குப் போனால் ஒன்றையும் விடமாட்டேன். விசிறி எவ்வளவு மின்சாரம் தின்கிறது, குழாய் எங்கே ஒழுகுகிறது, எந்த அறைக்கு எவ்வளவு காற்று என்று எல்லாவற்றையும் அளந்து பக்கம் பக்கமாக எழுதுவேன். என்னுடைய அறிக்கைகளை நீங்கள் எடுத்துப் பாருங்கள், ஒரு பிழை கண்டுபிடிக்க மாட்டீர்கள். ஆனால் அவற்றை ஒருவரும் வாசிப்பதில்லை. அன்ரன் என்ன செய்வான்? கட்டடத்தைப் பார்க்கும் ஆளை முதலில் கூரைக்குக் கூட்டிப்போவான். கதவைத் திறந்து, காற்றை வடிகட்டிக் கறுத்துப்போன பில்ரரை உருவி, இதைத்தான் உங்கள் ஆட்கள் சுவாசிக்கிறார்கள் என்று கையில் கொடுப்பான். பிறகு கோப்பி குடிப்பான். இரவு முழுக்க மேசைகளும் கதிரைகளும் மட்டுமே இருக்கிற கந்தோருக்கு யாருக்காகக் காற்று ஓடுகிறது என்று கேட்பான். மூன்றே மூன்று ஆலோசனைதான் எழுதுவான். அடுத்த மாதம் அந்த மூன்றும் நடந்திருக்கும்.

இதில் உங்களுக்குப் பாடம் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. கோப்பி குடித்தே பெயர் எடுக்கிறான் என்று வீட்டில் மனைவியிடம் சொல்லிச் சொல்லி, அவளுக்கே அலுத்துவிட்டது.

அந்த வருடம் எங்கள் கொம்பனியில் ஒருவரைச் சோதனைப் பொறுப்பாளராகப் போட வேண்டியிருந்தது. எல்லா அறிக்கைகளுக்கும் கையொப்பம் வைப்பவர் அவர்தான். கோடை விடுமுறைக்கு முன் முடிவு சொல்வதாக மெஸ்டர் சொன்னார். அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. இதை நான் மென்று விழுங்கப் போவதில்லை. இந்த நாட்டுக்கு வந்து, கோப்பன்ஹேகனில் ஆஸ்பத்திரி நிலம் துடைத்து, மொழி படித்து, தொழிற்படிப்புப் படித்து, மற்றவர்களுடைய கையொப்பத்தின் கீழே இத்தனை காலம் வேலை செய்தவன் நான். என்னுடைய பெயரில் ஓர் அறிக்கை போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அன்ரன் எனக்குப் பிறகு வந்தவன். அவனை ஏணி பிடிக்கப் பழக்கியதே நான்தான்.

இனிச் சொல்லப்போவது இன்னும் அசிங்கமானது. சொல்லிவிடுகிறேன்.

அன்ரன் முல்லைத்தீவுப் பக்கத்தவன். அவனுடைய தாய் அங்கேதான் இருந்தார். வசந்தம் தொடங்கியதிலிருந்து, சண்டை நெருங்க நெருங்க, கடற்கரையோரத் துண்டு நிலத்துக்குள் போய்விட்ட சனத்தோடு அவரும் போயிருந்தார். என்னுடைய ஆட்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டு எப்போதோ ரொறொன்ரோவுக்குப் போய்விட்டார்கள். எனக்கு அங்கே ஒரு பழைய வீடும் சில தென்னை மரங்களும்தான் மிச்சம்.

டெனிஷ்காரருக்குத் தூரத்துச் சண்டைகள் எல்லாம் ஒன்று. ஆனால் அன்ரனின் அம்மா அவர்களுக்கு விளங்கியது. கந்தோரில் கணக்குப் பார்த்த பெண் அவனுக்கென்று வீட்டில் கேக் செய்து கொண்டுவந்தாள். மெஸ்டர் காலையில் வந்ததும் அவனுடைய தோளில் கைவைத்து, செய்தி ஏதும் உண்டா என்று கேட்பார். நானும் அந்த நாட்டுக்காரன்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் போரை நிறுத்தச் சொல்லும் ஊர்வலத்துக்குப் போய்க் கத்தி, திங்கட்கிழமை தொண்டை கட்டிப்போய் வேலைக்கு வருகிறவன் நான்தான். ஒருவரும் எனக்கு என்ன என்று கேட்கவில்லை. அன்ரன் மட்டும் கேட்டான், தொண்டைக்கு ஒரு மிட்டாயும் தந்தான். எனக்கு அதை அவனுடைய முகத்தில் எறிய வேண்டும்போல இருந்தது. ஒரு மனிதனின் துயரத்தைப் பார்த்தும் எரிச்சல்படலாம் என்று நான் அந்த வசந்தத்தில்தான் அறிந்துகொண்டேன்.

மே மாதத்தில் ஒரு நாள் காலை, கோப்பன்ஹேகனை ஒட்டிய ஹ்விடோவ்ரேயில் ஒரு முதியோர் இல்லத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். புதுக் கட்டடம். குளிர் வராமலிருக்க இறுக்கி அடைத்துக் கட்டியது. பெரிய கண்ணாடி யன்னல்கள், அவற்றில் பாதி திறக்காது. அப்படிப்பட்ட கட்டடத்துக்கு நுரையீரல் கூரையில்தான் இருக்கிறது. அன்ரன் வானை ஓட்டிவந்தான். அவன் கூரைக்குப் போனான், நான் உள்ளே அறை அறையாகக் காற்றை அளந்தேன். அவன் சுவிச்சை நிறுத்தியதும் விதிப்படி திறப்பை அதிலே தொங்கவிட்டிருக்கிறான்.

நான் வேலையை முடித்துக்கொண்டு மேலே ஏறியபோது அன்ரன் தகரக் குழாயின் மேல் இருந்தான். போன் காதில் இல்லை, மடியில் இருந்தது. முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. பாரிசிலிருந்து அவனுடைய மச்சான் போன் எடுத்திருக்கிறார்.

“எல்லாம் முடிஞ்சுதாம் அண்ணை,” என்றான். “அம்மா ஆக்கள் இருந்த பக்கத்தில ஒருத்தரும் மிஞ்சேல்லை எண்டு ஒரு ஆள் சொல்லுது. இன்னொரு ஆள், சனம் வெளியால வந்துட்டுது எண்டு சொல்லுது. எதை நம்புறது?”

எங்களுடைய ஆட்கள் இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தேன். செய்தி வந்தவனை வாகனம் ஓட விடக்கூடாது. செத்தவீட்டுச் செய்தி கேட்டவனிடமிருந்து முதலில் சைக்கிளைக்கூடப் பறித்து வைப்பார்கள், இதை எங்களில் ஒருவரும் யோசித்துச் செய்வதில்லை. சுவிச்சில் தொங்கிய திறப்பை எடுத்து என்னுடைய காற்சட்டைப் பைக்குள் போட்டேன். நான் வானை ஓடுறன், நீ இரு என்றேன். அவன் தலையாட்டினான். எழுந்து, பில்ரரைப் பழைய இடத்தில் வைத்து, கதவுகளை மூடி, கொழுக்கிகளை ஒவ்வொன்றாக இறுக்கினான். ஒரு குறையும் இல்லாமல் செய்தான். பிறகு இருவரும் இறங்கினோம்.

அவனை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னேன். பக்கத்திலேதான் வீடு. மனைவியோடு கதைத்துவிட்டானாம், அவள் வேலையிலிருந்து வந்துகொண்டிருக்கிறாளாம்.

“வீட்ட இப்ப வேண்டாம்,” என்றான். “நான் நேரத்தோட போனா ஆக்கள் வரத் தொடங்குவினம். ஆக்கள் வந்து இருந்தா அது செத்தவீடாயிடும். எனக்கு இன்னும் ஒண்டும் தெரியாது அண்ணை. அடுத்த வேலைக்குப் போவம்.”

நான் வானை எடுத்தேன். கோப்பன்ஹேகனுக்குள் ஒரு கந்தோர்க் கட்டடம் அடுத்தது. வழியில் மரங்கள் எல்லாம் புதிதாகத் துளிர்த்து, வெயிலுக்கு ஆட்கள் சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லில் கிடந்தார்கள்.

கந்தோர்க் கட்டடத்தின் கூரையில் அன்ரன் வழமைபோலச் சுவிச்சுக்குப் போனான். நிறுத்தவில்லை. திரும்பி, திறப்பைத் தாங்கோ என்று கையை நீட்டினான். நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கினவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“அண்ணை, இதை அங்க சுவிச்சில இருந்து ஆர் எடுத்தது?”

“நான்தான். நீ வான் ஓடக்கூடாதெண்டு எடுத்தனான்.”

“அப்ப சுவிச்சை?”

தம்பிமாரே, தங்கச்சிமாரே, திறப்பு என்னுடைய பைக்குள் இருந்ததால் சுவிச்சைத் திரும்பப் போடாமலே இறங்கிவிட்டிருந்தோம். முதியோர் இல்லம். வெளியே வெயில். உள்ளே மதியச் சாப்பாட்டு நேரம், திறக்காத கண்ணாடிகள், மூச்சுக் கஷ்டத்தோடு ஒட்சிசன் குழாய் போட்டுக்கொண்டு இருந்த ஒரு கிழவனை நானே காலையில் ஓர் அறையில் கண்டிருந்தேன். அவருக்கு வணக்கமும் சொல்லியிருந்தேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நிமிடத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? வானில் ஏறு, ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வருவோம் என்றேன். இல்லத்தை நினைத்துத்தான் சொன்னேன். ஆனால் ஓடிப்போய் ஒருவருக்கும் தெரியாமல் போட்டுவிடலாம் என்பதும் அதில் இருந்தது. கையொப்பம் வைக்கும் பொறுப்பு இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிற நேரம். ஏணி வரைக்கும் வந்துவிட்டேன்.

அன்ரன் வரவில்லை. அவன் போனை எடுத்துவிட்டான். பாரிசிலிருந்து அழைப்பு வந்த அதே போன். இல்லத்தின் பராமரிப்பாளரைப் பிடித்து டெனிஷில், ஒரு பதற்றமும் இல்லாமல், “இது அன்ரன், காலையில் வந்தவன். கூரையில் நிறுத்திய சுவிச்சைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். இப்போதே மேலே போங்கள், நான் போனிலேயே நிற்கிறேன்,” என்றான். அந்த மனிதர் ஏறும்போதே, மூச்சுக் கஷ்டம் உள்ளவர்களைத் தாதியரைக்கொண்டு வெளியே தோட்டத்துக்குக் கொண்டுபோகச் சொன்னான். எந்தச் சுவிச், எந்தப் பக்கம் திருப்புவது, விசிறி ஓடத் தொடங்கினால் என்ன சத்தம் கேட்கும் என்று சொன்னான். சத்தம் கேட்கும்வரை போனை வைக்கவில்லை.

நாங்கள் வானில் போயிருந்தால் வழியிலுள்ள பாலத்தையே தாண்டியிருக்க மாட்டோம். போன் வானைவிட வேகமானது. இதைவிடச் சின்னப் பாடம் இந்தத் தொழிலில் இல்லை, ஆனால் பயம் பிடித்தவனுக்கு முதலில் வானின் ஞாபகம்தான் வரும். எனக்கு வந்தது.

பிறகு அவன் மெஸ்டருக்கு எடுத்தான். அதே வசனம். நான் மறந்துவிட்டேன். இல்லத்தின் தலைவிக்கு எடுத்தான். நான் மறந்துவிட்டேன். நான் பக்கத்திலேயே நின்றேன். திறப்பைப் பற்றி அவன் ஒரு சொல் சொல்லவில்லை. என்னுடைய பெயரைச் சொல்லவில்லை. தாயைப் பற்றியும் சொல்லவில்லை.

ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கிழவனைத் தோட்டத்துக் கதிரையில் வைத்து ஐஸ்கிறீம் கொடுத்தார்களாம், அவர் பின்னேரம்வரை உள்ளே வர மறுத்தாராம்.

மறுநாள் இல்லத்தின் தலைவி மெஸ்டருக்கு எடுத்தார். முறைப்பாடு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிடிபடும் முன் தானே போன் எடுத்துப் பிழையைச் சொன்ன தொழிலாளியை இதுவரை கண்டதில்லை என்றாராம். தன்னுடைய மற்ற இல்லங்களின் சோதனைகளுக்கும் அன்ரனையே அனுப்பச் சொன்னாராம்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் எத்தனை வருடம் ஒரு சுவிச்சை மறக்காமல் வேலை செய்தவன்! ஒருவரும் என்னைக் கேட்டு வாங்கவில்லை. அவன் மறந்து பெயர் எடுத்துவிட்டான். அதிலும் அந்த மறதியில் பாதி என்னுடையது. திறப்பை எடுத்தது என்னுடைய கை. பிழையில்கூட எனக்கொரு பங்கு தராமல் முழுவதையும் தானே எடுத்துக்கொண்டானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொறுக்க முடியாமல் அன்றே மெஸ்டரிடம் போனேன். திறப்பை எடுத்தது நான் என்றேன். ஏன் எடுத்தேன் என்றும் சொன்னேன், கூரையில் வந்த அழைப்பைப் பற்றியும் சொன்னேன். அவர் எழுந்து யன்னலடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பியபோது அவருடைய கண் கலங்கியிருந்தது.

“அந்த நிலையிலா இந்த அழைப்புகளை எல்லாம் எடுத்தான்?” என்றார். பிறகு என்னுடைய கையைப் பிடித்து, “நீ நல்ல நண்பன். அவனுக்காகப் பழியில் பங்குகேட்டு வந்திருக்கிறாய். அப்படி ஒரு நண்பன் கிடைக்க அவன் எவ்வளவு நல்லவனாக இருக்க வேண்டும்,” என்றார்.

நான் உண்மையைத்தான் சொல்லுகிறேன் என்று இன்னொரு தடவை சொன்னேன். அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அதற்குமேல் என்ன சொல்வது? வெளியே வந்து வான் கதவை அடித்துச் சாத்தினேன்.

யூன் மாதத்தில் முடிவு சொன்னார்கள். அன்ரன்தான். கணக்குப் பார்த்த பெண் மேசையில் சின்னக் கொடிகள் குத்தி வைத்திருந்தாள், கேக்கும் இருந்தது. நான் இரண்டு துண்டு தின்றேன். பொறுப்பாளராகி அவன் சொன்ன முதல் வார்த்தையே, இனித் திறப்பைத் தொங்கவிட்டவர் தவிர வேறு எவரும் அதைத் தொடக்கூடாது என்பதுதான். எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அது அன்ரன் விதி.

அன்று மதியம் நாங்கள் இருவரும் ஒரு வேலைக்குப் போகிற வழியில், ஹ்விடோவ்ரே துறைமுகத்தடியில் வானை நிறுத்திச் சாப்பிட்டோம். சாப்பிட்டது நான்தான். அவன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் கால்மாட்டில் வைத்திருந்தான். தாயைப் பற்றி அன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. முகாம்களில் இருந்த சனத்துக்குள் தேடிக்கொண்டிருந்தார்கள். செத்தவர்களுக்குச் செய்வதுபோல வீட்டில் விளக்கும் கொளுத்தவில்லை, தேவாலயத்தில் பூசையும் ஒப்புக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வேலைக்கு மட்டும் வந்தான்.

எனக்கு வாய் அடங்கவில்லை.

“திறப்பை எடுத்தது நான். அண்டைக்கு ஏன் என்ர பேரைச் சொல்லேல்லை நீ? பெரிய மனிசன் எண்டு காட்டவோ?”

அவன் கோபிக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“உங்கட பேரைச் சொன்னா, அவர் ஏன் எடுத்தவர் எண்டு கேப்பினம். பிறகு அம்மாவைச் சொல்லவேணும். டெனிஷில சொல்லவேணும் அண்ணை. அம்மா செத்துட்டாவா இல்லையா எண்டு தெரியாத நேரம், என்ன எண்டு சொல்லுறது? மறந்துட்டன் எண்டு சொல்லுறது எனக்குச் சுகமா இருந்தது. அவ்வளவுதான்.”

நான் பெரியமனதென்று நினைத்து எரிந்தது ஒன்று, அவன் செய்தது ஒன்று. ஆனால் அதை அறிந்ததால் எரிச்சல் குறைந்ததா என்று கேட்டால், இல்லை. அது எங்கே போய் இருப்பது என்று தெரியாமல் எனக்குள் அப்படியே நின்றது.

அப்போது என்னுடைய போன் அடித்தது. அம்மா. ரொறொன்ரோவில் விடிகிற நேரம். தம்பியின் வீட்டில் எல்லோருக்கும் முன் எழும்பி, தேத்தண்ணியை வைத்துக்கொண்டு எனக்கு எடுப்பார். நான் அதை வெட்டிவிட்டு, பிறகு கதைக்கலாம் என்று வானின் முன்தட்டில் வைத்தேன்.

“எடுங்கோ அண்ணை.”

“பிறகு எடுப்பம். சும்மா என்ன சாப்பிட்டனி எண்டு கேக்கத்தான்.”

“ஒவ்வொரு நாளும் இந்த நேரம் அது அடிக்குது,” என்றான் அன்ரன். “ஒவ்வொரு நாளும் நீங்கள் வெட்டுறியள். நான் பக்கத்தில இருந்து பாக்கிறன். எனக்கு உங்களில இருக்கிற எரிச்சல் உங்களுக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு அந்தப் போனைப் பறிச்சு றோட்டில எறிவம் எண்டு கையும் எடுத்தனான்.”

அவன் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கேக் தின்ற அன்றைக்கு, பொறுப்பாளர் என்ற பெயரை வாங்கிய கையோடு, என்னைப் பார்த்து எரிச்சல் என்று ஒருவன் சொல்கிறான். என்னிடம் பார்த்து எரிய என்ன இருக்கிறது என்று கேட்க வாயைத் திறந்தேன். போன் மறுபடியும் அடித்தது. எடுத்தேன்.

அம்மா வழமைபோல மருமகளைப் பற்றித் தொடங்கினார். முழங்கால் நோவைச் சொன்னார். பக்கத்தில் ஆர் இருக்கிறது, மூச்சுச் சத்தம் கேக்குது என்றார். அன்ரன் என்றேன். அவனுடைய கதை அம்மாவுக்குத் தெரியும், நான் அவனைத் திட்டித் திட்டியே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

“அந்தப் பிள்ளை சாப்பிட்டுதோ?” என்றார்.

நான் கால்மாட்டில் இருந்த பெட்டியைப் பார்த்தேன். இல்லை என்றேன். அவனிட்டைக் குடு என்றார். கொடுத்தேன்.

அன்ரன் போனை இரண்டு கையாலும் பிடித்தான். ஓம் அம்மா என்றான். பிறகு நெடுநேரம் ஓம், ஓம் என்று மட்டும் சொன்னான். அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, நான் கேட்கவும் இல்லை. கதைத்துக்கொண்டே ஒரு கையால் பெட்டியைத் திறந்து, இடியப்பத்தைப் பிய்த்து வாயில் வைத்தான். கண்ணால் வழிந்துகொண்டிருந்தது, வாய் மென்றுகொண்டிருந்தது. சாப்பிடுறன் அம்மா, இப்ப சாப்பிடுறன் என்றான்.

நான் என்னுடைய முறைக்குக் காத்திருந்தேன். போன் என்னுடைய கைக்குத் திரும்பி வந்தபோது அம்மா வைத்துவிட்டிருந்தார். நான் என்ன சாப்பிட்டேன் என்று அன்றைக்கு அவர் கேட்கவே இல்லை.